ஒரு பாட்டு என்ன விலை?

24 பாட்டு, 19 லட்சத்து 20 ஆயிரம் டாலர். வகுத்துப் பார்த்தால் பாட்டு ஒன்றுக்கு 80,000 டாலர். 2009 ஜூன் மாதம் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஒரு ஜூரி போட்ட கணக்கு இது. கட்டச் சொன்னது ஏதோ ஒரு திருட்டு சிடி கும்பலை அல்ல. மின்னசோட்டா மாநிலத்தில் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்த ஒரு பெண்ணை. கஸா என்ற மென்பொருள் வழியாக அவருடைய கணினியிலிருந்து மற்றவர்களுக்குப் பாட்டுகள் கிடைத்தன என்பது குற்றச்சாட்டு. அவர் எதையும் விற்கவில்லை, அதில் ஒரு காசு பார்க்கவுமில்லை.

நான் அப்போது சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் இந்தச் செய்தியைப் படித்துவிட்டு, எங்கள் ஹார்ட் டிஸ்க்குகளில் இருந்த பாட்டுகளை 80,000ஆல் பெருக்கிப் பார்த்தோம். என்னிடம் நாலாயிரம் சொச்சம் இருந்தன. 32 கோடி டாலர் வந்தது. பக்கத்து இருக்கைக்காரருக்கு என்னைவிட அதிகம். அவர் பெருமையாகச் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் அந்த வழக்கை நான் அதோடு விடவில்லை, அடுத்த சில வருடங்கள் தொடர்ந்து படித்தேன். அதில் வந்த விலைகள் அப்படி. முதல் விசாரணை 2007இல் டுலூத் நகரில் நடந்தது. அந்த ஜூரி போட்டது பாட்டுக்கு 9,250 டாலர், மொத்தம் 2 லட்சத்து 22 ஆயிரம். ஜூரிக்குச் சட்டத்தைத் தான் சரியாக விளக்கவில்லை என்று நீதிபதியே அதை ரத்து செய்தார். இரண்டாம் விசாரணையில்தான் 80,000. நீதிபதிக்கே அது தாங்கவில்லை, 2,250ஆகக் குறைத்தார். வழக்குப் போட்ட இசைக் கம்பெனிகள் ஒத்துக்கொள்ளவில்லை. 2010இல் மூன்றாவது ஜூரி 62,500 என்றது. நீதிபதி மறுபடியும் 2,250. கடைசியில் 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சுற்றிய சக்கரத்தை முதல் ஜூரியின் 9,250இலேயே கொண்டுபோய் நிறுத்தியது. அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. இத்தனை வருடமும் இணையக் கடையில் ஒரு பாட்டின் விலை ஏறக்குறைய ஒரு டாலர்.

அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தில் உரிமையாளருக்கு ஒரு வசதி உண்டு. எவ்வளவு நஷ்டம் என்று அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. ஒரு படைப்புக்கு 750 டாலரிலிருந்து 30,000 வரை, வேண்டுமென்றே செய்த மீறல் என்றால் 1,50,000 வரை ஜூரி விருப்பம்போலப் போடலாம். நீதிபதி சொன்ன 2,250 வேறொன்றும் இல்லை, குறைந்தபட்சத் தொகையின் மூன்று மடங்கு. நஷ்டத்தைக் கணக்கிட்டு வந்த எண் என்று இந்த வரிசையில் ஒன்றுகூடக் கிடையாது. அப்படியானால் உண்மையான நஷ்டம்தான் எவ்வளவு? அந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

கதை தொடங்கிய இடம் பலருக்கும் தெரியும். 1999 ஜூனில், பாஸ்டனில் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட 18 வயது ஷான் ஃபானிங் நாப்ஸ்டரை வெளியிட்டார். அதற்குச் சில வருடம் முன்பே ஜெர்மனியின் எர்லாங்கனில் ஃப்ராவுன்ஹோஃபர் ஆய்வகத்தில் எம்பி3 உருவாகியிருந்தது. ஓர் உரத்த ஒலியின் நிழலில் வரும் மெல்லிய ஒலி நம் காதுக்குக் கேட்பதில்லை, கேட்காததை எதற்குச் சேமிக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. சிடியில் 40 எம்பி பிடித்த பாட்டு 4 எம்பிக்கு வந்துவிட்டது. நாப்ஸ்டர் பாட்டை வைத்துக்கொள்ளவில்லை. யார் கணினியில் எது இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் வைத்திருந்தது. பாட்டு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நேராகப் போனது. அந்தப் பட்டியல் ஒரே இடத்தில் இருந்ததுதான் அதற்கு எமனானது: என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியும், தடுக்கவும் முடியும் என்று 2001 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதே மாதம் நாப்ஸ்டர் ஐந்து வருடத்தில் 100 கோடி டாலர் தருகிறேன், உரிமம் கொடுங்கள் என்று கேட்டது. கம்பெனிகள் வேண்டாம் என்றன. ஜூலையில் அது நின்றது. அதற்குள் கிளம்பிவிட்ட கஸா போன்றவை, அந்த நடுப் பட்டியலே இல்லாமல் இயங்கக் கற்றுக்கொண்டிருந்தன.

நாப்ஸ்டர் வந்த உடனே விற்பனை சரிந்தது என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அமெரிக்க ஒலிப்பதிவுக் கம்பெனிகளின் சங்கமான ஆர்ஐஏஏ தரும் எண்களே வேறு சொல்கின்றன. அங்கே கடைகளுக்கு மிக அதிகமாக சிடி போன வருடம் 2000, அதாவது நாப்ஸ்டர் உச்சத்தில் இருந்த வருடம். சுமார் 94 கோடி சிடி. அந்த மார்ச்சில் என்சிங்க் குழுவின் ஆல்பம் ஒரே வாரத்தில் 24 லட்சம் பிரதி விற்றது. சரிவு அடுத்த வருடம் தொடங்கியது, 2004இல் வந்த சிறு ஏற்றத்தைத் தவிர அப்புறம் நிற்கவில்லை. 2010இல் 25 கோடி சிடிதான். 1999இல் 1,460 கோடி டாலராக இருந்த மொத்த வருமானம், 2014, 2015 வாக்கில் 700 கோடியை ஒட்டிக் கிடந்தது. இடையில் நடந்த விலைவாசி ஏற்றத்தையும் சேர்த்தால் விழுந்த ஆழம் இன்னும் அதிகம். இதை யாரும் மழுப்ப முடியாது. கடைகள் மூடின, ஆட்கள் வேலை இழந்தார்கள்.

ஆனால் 1999 என்ற சிகரத்தை எப்படிக் கட்டினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டில் இசைத்தட்டும் கேசட்டும் வைத்திருந்தவர்கள் அதே ஆல்பங்களை மறுபடி சிடியாக வாங்கிய காலம் தொண்ணூறுகள். அது ஒருமுறைதான் நடக்கும். இன்னொன்று, தனிப்பாட்டாக விற்கும் 'சிங்கிள்' வகையை அமெரிக்கக் கம்பெனிகள் அந்தப் பத்தாண்டில் மெல்ல மெல்லக் கடையிலிருந்து எடுத்தன. வானொலியில் கேட்ட ஒரு பாட்டு வேண்டுமென்றால் பதினைந்து, பதினெட்டு டாலர் கொடுத்து முழு ஆல்பத்தை வாங்கு. ஒரு வடை கேட்டவனிடம் முழுச் சாப்பாட்டு டோக்கனை நீட்டுவதுபோல. அந்த விலையும் தானாக அமைந்ததில்லை. குறிப்பிட்ட தொகைக்குக் கீழே விளம்பரம் செய்யும் கடைகளுக்கு விளம்பர உதவிப் பணம் கிடையாது என்று ஐந்து பெரிய கம்பெனிகளும் வைத்திருந்த ஏற்பாட்டை, 2000 மே மாதம் அமெரிக்க வர்த்தக ஆணையம் நிறுத்தவைத்தது. மூன்று வருடத்தில் மக்கள் 48 கோடி டாலர் அதிகமாகக் கொடுத்திருப்பார்கள் என்பது ஆணையத்தின் மதிப்பீடு.

எங்களுக்கு ஒரு பாட்டைத் தனியாக வாங்குவது புதிதல்ல. திண்டுக்கல் பேருந்து நிலையத்தை ஒட்டி ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. வெற்று டிடிகே கேசட்டும், ஒரு தாளில் எழுதிய பாட்டு வரிசையும் கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு நாளில் பதிந்து கொடுப்பார்கள். பாட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. அறுபது நிமிட கேசட் என்றால் பன்னிரண்டு பாட்டு, தொண்ணூறு என்றால் பதினெட்டு. பழைய பாட்டுகளுக்கு நீளம் குறைவு என்பதால் ஒன்றிரண்டு கூடுதலாகப் பிடிக்கும். கடைக்கார அண்ணன் நல்ல ரசிகர். "தம்பி, பி பக்கத்துல மூணு நிமிஷம் மிச்சம் இருக்கு, சும்மா விடறதுக்கு ஜானகியம்மா பாட்டு ஒண்ணு போட்டுட்டேன். அதுக்குக் காசு வேணாம்" என்பார். என் இசை ரசனையில் பாதி அந்த மிச்ச நிமிடங்களில் உருவானது. அவர் செய்தது காப்புரிமை மீறல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அவரிடம் போன நாங்கள் அசல் கேசட்டையும் வாங்கினோம். புதுப் படம் வந்தால் அசல், பழைய பாட்டுத் தொகுப்பு என்றால் அண்ணன். இரண்டும் வேறு வேறு தேவைகள்.

அமெரிக்கக் கம்பெனிகள் தனிப்பாட்டை விற்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 2001 டிசம்பரில் இணையத்தில் இரண்டு சேவைகளைத் தொடங்கின. சோனியும் யுனிவர்சலும் சேர்ந்து பிரஸ்பிளே, மற்ற மூன்று கம்பெனிகள் சேர்ந்து மியூசிக்நெட். ஒன்றில் கிடைப்பது மற்றதில் கிடைக்காது. பிரஸ்பிளேயில் மாதச் சந்தா கட்டினாலும் சிடியில் எழுதிக்கொள்ள எண்ணிக்கை வரம்பு, அதிலும் ஒரு பாடகரின் பாட்டு மாதத்துக்கு இரண்டுக்கு மேல் கூடாது. மியூசிக்நெட்டில் இறக்கிய பாட்டு குறிப்பிட்ட காலத்துக்குப் பின் செத்துவிடும். இலவசமாக எல்லாமே கிடைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இப்படி ஒரு கடையைத் திறந்துவிட்டு, ஆள் வரவில்லை என்று அங்கலாய்த்தார்கள். 2003 ஏப்ரலில் கணினி விற்கும் ஆப்பிள் வந்துதான் பாட்டு 99 சென்ட் என்று கடை போட்டது. முதல் வாரத்தில் பத்து லட்சம் பாட்டு போனது. அதுவும் ஆல்பத்துக்கு அடித்த சாவுமணிதான். பதினெட்டு டாலர் கொடுத்துவந்தவர் சட்டப்படியே ஒரு டாலரோடு நிறுத்திக்கொண்டார். விற்பனைச் சரிவில் இந்தப் பங்கை யாரும் திருட்டுக் கணக்கில் எழுத முடியாது.

அதே 2003 செப்டம்பரில், பாட்டு பகிர்ந்த தனி ஆட்கள் மீது கம்பெனிகளின் வழக்குகள் ஆரம்பித்தன. முதல் தவணையாக 261 பேர். அதில் நியூயார்க்கில் அரசுக் குடியிருப்பில் வசித்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் உண்டு. அவளுடைய அம்மா 2,000 டாலர் கட்டி வழக்கை முடித்தார். 2008 டிசம்பரில் இந்த முறையை நிறுத்துவதாக ஆர்ஐஏஏ சங்கம் அறிவித்தபோது ஏறக்குறைய 35,000 பேருக்கு ஓலை போயிருந்தது. பெரும்பாலோர் சில ஆயிரம் டாலரைக் கட்டிவிட்டு ஒதுங்கினார்கள். வக்கீல் செலவே அதைவிட அதிகம் ஆகும் என்பதால்தான். அந்த மின்னசோட்டாப் பெண் முடியாது என்று நின்றதால், ஜூரி முன் போன முதல் வழக்காக அது ஆனது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் வேறொருவர். வட கரோலினா மாநிலத்தில் கிங்ஸ் மவுண்டன் என்ற ஊரில் பெரிய சிடி தொழிற்சாலை ஒன்று இருந்தது. யுனிவர்சல் வெளியிடும் ஆல்பங்கள் கடைக்குப் போவதற்கு வாரக்கணக்கில் முன்பே அங்கே அச்சாகும். அங்கே வேலை பார்த்த ஒரு தொழிலாளி, வாசலில் உலோகச் சோதனைக் கருவி இருந்தும், அகலமான பெல்ட் பக்கிளுக்குப் பின்னால் சிடியைச் செருகி வெளியே கொண்டுவந்தார். ஆர்என்எஸ் என்ற ரகசியக் குழு வழியாக அவை உலகம் முழுக்கப் பரவின. பல வருடங்களில் சுமார் 2,000 ஆல்பம். உலகின் எந்த மூலையில் யார் ஒரு ஹிப்ஹாப் ஆல்பத்தை வெளியீட்டுக்கு முன்பே இறக்கினாலும், அது இவர் இடுப்பிலிருந்து புறப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். பிடிபட்டார், குற்றத்தை ஒப்புக்கொண்டார், அரசுத் தரப்பில் சாட்சியும் சொன்னார். மூன்று மாதச் சிறை. 24 பாட்டுக்கு 2 லட்சத்து 22 ஆயிரம் டாலர், 2,000 ஆல்பத்துக்கு மூன்று மாதம். ஒன்று சிவில் வழக்கு, மற்றது கிரிமினல் வழக்கு, இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்று வக்கீல் நண்பர் சொல்கிறார். சட்டப்படி அவர் சொல்வது சரி. எனக்கு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை.

சரி, உண்மையான நஷ்டத்துக்கு வருவோம். பொருளாதார அறிஞர்கள் இதில் மோதிக்கொண்டது சுவையான கதை. ஃபெலிக்ஸ் ஓபர்ஹோல்சர்-ஜீ, கோல்மன் ஸ்ட்ரம்ஃப் என்ற இருவர் 2002இன் கடைசி மாதங்களில் எந்த ஆல்பத்தின் பாட்டு எவ்வளவு இறக்கப்பட்டது, அந்த ஆல்பம் எவ்வளவு விற்றது என்று வாரம் வாரமாகப் பொருத்திப் பார்த்தார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. பிரபலமான பாட்டு அதிகம் இறக்கவும்படும், அதிகம் விற்கவும் செய்யும். எது எதனால் என்று பிரிப்பது கஷ்டம். அவர்கள் பிடித்த வழி ஜெர்மன் பள்ளி விடுமுறை. அமெரிக்கர்கள் இறக்கிய பாட்டில் கணிசமான பங்கு ஜெர்மனியிலிருந்து வந்தது. அங்கே பிள்ளைகளுக்கு லீவு விட்டால் கணினிகள் அதிக நேரம் இணைப்பில் இருக்கும், அமெரிக்காவில் பாட்டு இறக்குவது சுலபமாகும். ஆனால் ஜெர்மன் லீவுக்கும் அமெரிக்கக் கடை விற்பனைக்கும் வேறு எந்தத் தொடர்பும் இல்லை. அந்த வாரங்களில் விற்பனை குறைந்ததா? குறைந்ததாகச் சொல்லமுடியாது, விளைவு பூஜ்யத்திலிருந்து பிரித்தறிய முடியாத அளவு என்று 2007இல் ஒரு முன்னணி ஆய்விதழில் எழுதினார்கள்.

பாட்டு இறக்கிக்கொண்டிருந்த எங்களுக்கு இது தேனாக இனித்தது. கல்லூரி விடுதியில் இருந்தவர்களிடமெல்லாம் இந்த ஆய்வைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஸ்டான் லீபோவிட்ஸ் என்ற டெக்ஸஸ் பேராசிரியர் விடவில்லை. தரவைக் கேட்டார், கிடைக்கவில்லை. கிடைத்த பொதுத் தரவுகளை வைத்து அவர்கள் முறையைச் சோதித்து, இது நம்பத்தக்கதல்ல என்று வருடக்கணக்கில் எழுதினார். சரிவு முழுவதுக்குமே கோப்புப் பகிர்வுதான் காரணம் என்பது அவர் நிலை. இன்னும் சிலர் கேள்வித்தாளோடு நேராக மாணவர்களிடம் போனார்கள். ராஃபேல் ராப், ஜோயல் வால்ட்ஃபோகல் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு ஆல்பம் இறக்கினால் வாங்குவது சுமார் 0.2 அளவு குறைகிறது என்று வந்தது. அதாவது ஐந்து ஆல்பம் இறக்கினால் ஒரு விற்பனை போகிறது. இறக்கிய ஆல்பங்களை மாணவர்கள், காசு கொடுத்து வாங்கியவற்றைவிடக் குறைவாகவே மதித்தார்கள் என்பதும் அதில் வந்தது. கிடைக்கிறதே என்று இறக்கியவைதான் பெரும்பாலும்.

இந்த ஐந்துக்கு ஒன்று என்பதுதான் எனக்கு நம்பும்படி இருக்கிறது. சும்மா ஒரு நடுவான எண் என்பதால் அல்ல, என் ஹார்ட் டிஸ்க் அப்படித்தான் இருந்தது. எங்கள் விடுதியில் டிசி++ என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளை வைத்து ஒவ்வொரு அறையின் கணினியையும் இணைத்திருந்தோம். பக்கத்து விங்கில் ஒருவன் ஜாஸ் இசையில் இரண்டு மூன்று ஜிபி வைத்திருந்தான் என்பதற்காகவே அதை முழுக்க இழுத்து வைத்தேன். இன்றுவரை அதில் பத்துப் பாட்டுகூடக் கேட்டதில்லை. அதற்காக ஒரு பைசா கொடுத்திருக்கவும் மாட்டேன். ஆனால் அதே வருடங்களில் வந்த தமிழ்ப் பட ஆல்பங்களை, டிஸ்க் இல்லாவிட்டால் கட்டாயம் வாங்கியிருப்பேன். அங்கே நஷ்டம் உண்மை. பகிர்வதால் யாருக்கும் எதுவும் குறையவில்லை என்று வாதாடும் நண்பர்களோடு இந்த இடத்தில் எனக்கு ஒத்துப்போகாது. ஒவ்வொரு டவுன்லோடும் ஒரு விற்பனை இழப்பு என்று பெருக்கும் கம்பெனிகளோடும் ஒத்துப்போகாது.

அந்தப் பெருக்கல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, கஸா போல இன்னொரு பகிர்வு மென்பொருளான லைம்வயர் மீதான வழக்கு இருக்கிறது. 2010இல் கம்பெனிகள் ஜெயித்தன. அடுத்து எவ்வளவு இழப்பீடு என்ற பேச்சு வந்தபோது, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒருமுறை அல்ல, அதை நேராக இறக்கிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும் என்று கேட்டார்கள். அப்படிப் போட்டால் லட்சம் கோடி டாலர்களைத் தாண்டும். 1877இல் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்த நாளிலிருந்து இந்தத் தொழில் மொத்தமாகச் சம்பாதித்ததைவிட அது அதிகம் என்பதையும் குறித்து, நீதிபதி கிம்பா வுட் அந்த வாதத்தைத் தள்ளினார். கடைசியில் 10 கோடியே 50 லட்சம் டாலருக்கு 2011இல் சமரசம் ஆனது.

இங்கே வழக்குகள் அந்த மாதிரி வரவில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் பர்மா பஜாரிலும், எங்கள் ஊரில் பேருந்து நிலையத் தள்ளுவண்டியிலும் எம்பி3 சிடிகள் கிடைத்தன. ஒரு சிடியில் 150 பாட்டு, ஒரு முழுச் சாப்பாட்டை ஒட்டிய விலை. ஒரு இசையமைப்பாளரின் பத்து வருட உழைப்பு ஒரே தட்டில். ரெக்கார்டிங் சென்டர் அண்ணனை ஒழித்தது காவல்துறை அல்ல, இந்தத் தள்ளுவண்டிதான். அவர் பிறகு மொபைல் ரீசார்ஜ் கடை வைத்தார், மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்தார். சட்டப்படி பாட்டை இணையத்தில் வாங்க இங்கே ஒழுங்கான கடை வர வெகுகாலம் ஆனது. ஆப்பிளின் இசைக் கடை இந்தியாவுக்கு 2012 டிசம்பரில்தான் வந்தது. அதே வருடம் தொடங்கிய ஃபிளிப்கார்ட்டின் 'ஃபிளைட்' என்ற இணையப் பாட்டுக் கடை அடுத்த வருடமே மூடப்பட்டது.

ஆனால் நம் ஆட்கள் பாட்டுக்குப் பணமே கொடுக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. காலர் ட்யூன் ஞாபகம் இருக்கிறதா? பாட்டை முப்பது ரூபாய்க்கு வாங்க யோசித்த அதே மனிதர்கள், மாதம் முப்பது ரூபாய் கட்டி, தாங்கள் கேட்கவே முடியாத ஒரு பாட்டை அழைப்பவர்களுக்காக வைத்திருந்தார்கள். என் மாமா ஒருவர் முருகன் பாட்டு வைத்திருந்தார், யாராவது அழைத்தால் எடுக்க மாட்டார். "பாட்டு ஓடட்டும்டா" என்பார். கேசட் வியாபாரம் படுத்த பிறகு இந்திய இசைக் கம்பெனிகளைத் தூக்கி நிறுத்தியதில் இதற்குப் பெரும் பங்கு. தொலைபேசி நிறுவனங்கள் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கொடுத்தன என்பது வேறு கதை.

விற்பனை குறைந்தால் யாருடைய பணம் குறைகிறது என்பதும் இங்கே வேறுமாதிரி. சினிமாப் பாட்டின் உரிமை தயாரிப்பாளருக்கே என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்து வெகுகாலம் ஓடியது. தயாரிப்பாளர் அதை இசைக் கம்பெனிக்கு விற்பார். பாட்டு எழுதியவருக்கு ஒரு தொகை, அதோடு சரி. கேசட் பத்து லட்சம் விற்றாலும், நான் அதைத் திருட்டுத்தனமாகப் பதிந்தாலும், பெரும்பாலான பாடலாசிரியர்களின் பையில் வித்தியாசம் இல்லை. 2012இல் வந்த காப்புரிமைத் திருத்தம்தான், எழுதிக் கொடுத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாத பங்கு இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் உண்டு என்றது. மாநிலங்களவையில் அதற்காகப் போராடியவர் ஜாவேத் அக்தர். கோப்புப் பகிர்வின் பொற்காலம் முடிந்தபிறகு வந்த நியாயம்.

விலைவாசி ஏற்றத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அமெரிக்காவில் வருமானம் மீண்டுவிட்டது. 2023இல் 1,710 கோடி டாலர், பெரும்பகுதி ஸ்ட்ரீமிங். வழக்குகளால் மீண்டதாக நான் நினைக்கவில்லை. ஸ்பாட்டிஃபையைத் தொடங்கிய டேனியல் ஏக், கோப்புப் பகிர்வு மென்பொருளான மியூடோரண்ட்டுக்குச் சில காலம் தலைமை வகித்தவர். நாப்ஸ்டரில் ஃபானிங்கோடு இருந்த ஷான் பார்க்கர் 2010இல் ஸ்பாட்டிஃபையில் முதலீடு செய்தார். யாரைத் துரத்தினார்களோ அவர்களே வந்து, திருட்டைவிடச் சுலபமாக ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். பெரிய கம்பெனிகள் அதில் முதலிலேயே பங்கும் வாங்கிக்கொண்டன. 2018இல் அது பங்குச் சந்தைக்கு வந்ததும் வார்னர் தன் பங்குகளை முழுக்க விற்றது. இப்போது ஒரு முறை கேட்பதற்கு, சுமாராக ஒரு சென்ட்டில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ உரிமையாளர் பக்கம் போகிறது. இந்தியக் கேட்பு என்றால் அதைவிடக் குறைவு. 2024 முதல், வருடத்தில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை ஒன்றும் தருவதில்லை. 80,000 டாலரில் தொடங்கிய என் விலைப்பட்டியலின் கடைசி வரி இதுதான், பூஜ்யம்.

நானும் சந்தா கட்டுகிறேன். நாலாயிரம் பாட்டில் ஏறக்குறைய எல்லாமே அதில் கிடைக்கின்றன. கிடைக்காதவைதான் தொல்லை. 1988இல் எங்கள் பக்கத்துச் சிறு கம்பெனி ஒன்று வெளியிட்ட கரகாட்டப் பாட்டுக் கேசட் ஒன்று வீட்டில் இருந்தது, பூசணம் பிடித்துவிட்டது. அந்தக் கம்பெனி எப்போதோ மூடியாயிற்று. உரிமை யாரிடம் போனது என்று விசாரித்தேன், நாகஸ்வரம் வாசித்தவரின் மகனுக்கே தெரியவில்லை. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு 60 வருடக் காப்புரிமை, ஆகவே 2048 முடியும்வரை அதை அனுமதியில்லாமல் பிரதி எடுத்துப் பரப்புவது சட்டமீறல். யாரோ ஒருவர் தன் கேசட்டிலிருந்து எடுத்து யூடியூபில் ஏற்றியிருந்தார், நடுவில் ஓரிடத்தில் நாடா சிக்கிய சத்தத்தோடு. அது காணாமல் போவதற்குள் இறக்கி வைத்துக்கொண்டேன். மகன் ஒரு பிரதி கேட்டார், வாட்ஸப்பில் அனுப்பினேன்.